வாங்கிய வண்டியும் வாங்காத உரிமையும்

புதிய மோட்டார்ச் சயிக்கிள் வாங்கும் இளைஞன், ஆசனத்தின்மேல் கம்பனி போர்த்திவிட்ட பொலித்தீன் உறையைக் கிழிப்பதற்கு முன்னரே அதனைக் கராச்சுக்குக் கொண்டுசென்று சைலன்சரை மாற்றுகிறான். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுகிறான். பின்சில்லின் மண்காப்பை அறுக்கிறான். இலக்கத் தகட்டை உள்நோக்கி மடக்குகிறான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வேகத்துக்கென்றே செய்யப்பட்ட புதுக் காரை வாங்குவோர் செய்வதும் இதுவே. பணமுடையோராகையால் அவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகின்றனர். எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல், எவ்வளவு காற்று, எந்தக் கணத்தில் தீப்பொறி என்று தீர்மானிக்கும் மின்மூளையின் கட்டளைகளையே அழித்து வேறு கட்டளைகளை எழுதுவிக்கின்றனர். படித்த பொறியியலாளர் பலர் கூடிச் சிந்தித்து, சோதித்து, முத்திரையிட்டு அனுப்பிய பொருளை, அதுவும் வேகத்துக்காகவே அதிக விலை கொடுத்துத் தெரிந்தெடுத்த பொருளை, வாங்கிய மறுநாளே மாற்றவேண்டியதன் காரணம் யாது?

ஆசிரியர் ஓய்வறைகளில் இவ்வினாவுக்கு விடை ஒரே சொல்லில் கிடைக்கும்: திமிர். சற்று விரிவாகப் பேசுவோர் வெளிநாட்டுக் காசு என்பர். முற்போக்கு எண்ணம் படைத்த நண்பர்களோ நுகர்வுப் பண்பாடு என்று பெயர் சூட்டி, முதலாளித்துவத்தின் சீரழிவு வன்னிக்கும் வந்துவிட்டதெனப் பெருமூச்செறிவர். இம்மூன்று விடைகளும் மூன்று வேறு வாய்களிலிருந்து வருகின்றனவே தவிர, உள்ளே இருப்பது ஒரே எண்ணம்: அந்த இளைஞன் சிந்திக்கவில்லை என்பது. அவன் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று கருதி அவனிடம் போய்க் கேட்டவர் எவருமிலர். இவ்வலட்சியத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவன் சைலன்சரின் பேரிரைச்சலுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மற்றவர் காணவேண்டுமென்பதற்காகவே பொருள்களைச் செலவழிக்கும் வழக்கத்தைப் பற்றித் தோர்ஸ்டைன் வெப்லன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1899ஆம் ஆண்டில் எழுதினார். ஓய்ந்திருந்து உண்ணும் வகுப்பாரைப் பற்றிய அந்நூலின் கருத்தை எங்கள் நண்பர்கள் எடுத்து வன்னி இளைஞன்மேல் ஒட்டுகின்றனர். ஒட்டவில்லை. காட்சிக்காகவே வாழ்பவன் கடையில் கிடைப்பதிலேயே மிகப் பளபளப்பானதை வாங்கி, கீறல் படாமல் வைத்திருப்பான். இவனோ பளபளப்பை அறுக்கிறான். இரவு பத்து மணிக்கு, மின்குமிழொன்றின் கீழே, பார்ப்பார் எவருமற்ற கொட்டிலில், கையெல்லாம் கிறீஸ் பூசியபடி மூன்று பேர் ஒரு சங்கிலியைப் பல்லுக்குப் பல் எண்ணிக்கொண்டிருப்பதைக் காட்சிக்கான செலவு என்று எங்ஙனம் சொல்வது?

முதலில் பொறியைப் பற்றிய உண்மையைப் பார்ப்போம். கம்பனியிலிருந்து வரும் வாகனம் எதுவும் அதன் எஞ்சினால் இயன்ற முழுவலுவோடு வருவதில்லை. ஒரே எஞ்சின் பல நாடுகளுக்குப் போகிறது. ஒரு நாட்டில் நல்ல பெற்றோல் கிடைக்கும்; இன்னொன்றில் கலப்படம் கிடைக்கும். எங்கள் நாட்டில் ஒக்ரேன் 92, 95 என இருவகை பெற்றோல் விற்கப்படுகிறது. விலை குறைந்ததையே பெரும்பாலோர் ஊற்றுவர். ஓரிடத்தில் பனி, ஓரிடத்தில் சித்திரை வெயில். ஓர் உரிமையாளர் காலந்தவறாமல் எண்ணெய் மாற்றுவார், மற்றவர் மறந்துவிடுவார். புகைக்கும் இரைச்சலுக்கும் சட்டங்கள் உண்டு. உத்தரவாதக் காலம் முடியுமுன் எஞ்சின் வெடித்தால் கம்பனியே நட்டத்தைச் சுமக்கவேண்டும். ஆகவே இத்தனைக்கும் இடம்விட்டே எஞ்சினை அமைக்கின்றனர். அன்றியும், ஏறக்குறைய ஒரே எஞ்சினைச் சற்று அடக்கி ஒரு விலைக்கும், சற்று அவிழ்த்து அதிக விலைக்கும் விற்கும் வியாபார உத்தியும் உண்டு. வலுவை மாற்றியமைப்போன் கைவைப்பது இந்த இடைவெளியிலேதான்.

யப்பானின் உதாரணம் சுவையானது. அங்கு கார்க் கம்பனிகள், தாம் விற்கும் கார் எதற்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று 1989இல் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2004 வரை அது நிலைத்தது. அதே 1989இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். கார், பந்தயத்தில் இதைவிட மிகுந்த வலுவைத் தாங்குவதற்கென வார்க்கப்பட்ட எஞ்சினைக் கொண்டிருந்தது. விற்பனைத் தாளில் ஓர் எண். இரும்பினுள்ளே வேறோர் எண். காரை வாங்கியவன் கராச்சுக்கு ஓடியது பைத்தியத்தாலா? தன் பொருளினுள்ளே தனக்குச் சொல்லப்படாத ஒன்று பூட்டிக் கிடக்கிறது என்பதை அவன் அறிந்திருந்தான்.

இலங்கையில் பூட்டைப் போடுவது வரி. கார் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு தீர்வை அறவிடப்படுவதால், ஒரு லீற்றருக்குட்பட்ட எஞ்சின்கள் இங்கே பெருமளவில் இறங்கின. ஹொண்டா சிவிக் போன்ற பெரிய உடம்புடைய காரும்கூட ஒரு லீற்றர் டர்போ எஞ்சினோடு வந்திறங்கியது. பெரிய உடலைச் சிறிய இதயம் இழுக்கிறது. அதை வாங்கியவர்களுட் சிலர் மின்மூளையின் கட்டளைகளை மாற்றி எழுதுவித்தனர் என்றால், திறைசேரி வகுத்த காரைத் தாம் விரும்பிய காராக ஆக்க முயன்றனர் என்பதே பொருள். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிதிறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதல்லால் வேறு வழியிருக்கவில்லை.

ஆயின் எங்கள் ஊர் இளைஞன் மாற்றுவது எஞ்சினையா? பெரும்பாலும் இல்லை. சைலன்சரின் உள்ளீட்டை எடுத்துவிட்டால் சத்தம் பெருகும், வலு பெருகாது. காற்றும் பெற்றோலும் சேரும் விகிதத்தை அதற்கேற்பத் திருத்தாவிடின், சிறிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இழுவை குறைவதுமுண்டு. இது அவனுக்குத் தெரியாதென்று எண்ணிவிடவேண்டாம். வகுப்பில் பின்வாங்கில் இருப்பவனைக் கேளுங்கள். பௌதிகவியல் ஆசிரியரைவிடத் தெளிவாக விளக்குவான். தெரிந்தும் செய்கிறான். ஆகவே வேகம் என்பது இக்கேள்விக்கு முழு விடையாகாது. விடையைத் தேடச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

மோட்டார் வருவதற்கு முன்னரே எங்கள் மக்களிடம் வேகத்துக்கென்று ஒரு வாகனம் இருந்தது. வண்டிற் சவாரியையே கூறுகிறேன். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சவாரித் திடல்கள் இன்றும் உள்ளன. சவாரி வண்டில் பாரவண்டிலன்று, இலேசாகச் செய்யப்பட்டது. சவாரி மாட்டுக்குத் தனித் தீனி, தனி நடைப்பயிற்சி. சிரித்திரன் ஆசிரியர் சுந்தர் தம் கேலிச்சித்திர நாயகனுக்குச் 'சவாரித் தம்பர்' என்று பெயரிட்டார் எனில், அவ்வார்வம் எத்துணை ஊறியிருந்தது என்பது விளங்கும். அந்த வண்டிலைத் தச்சன் தந்தபடியே ஓட்டியவர் யார்? நுகத்தை இறக்குவதும், அச்சுக்கு எண்ணெய் தேர்வதும், சில்லைச் சீவுவதும் ஓட்டுபவனின் உரிமையாகவே இருந்தன. தச்சனும் கொல்லனும் கூப்பிடு தொலைவில் இருந்தனர். அக்காலத்தைப் பொற்காலமென்று நான் சொல்லவரவில்லை. சவாரி மாடு கட்ட வசதியுள்ளவன் யார், அவன் வயலில் கூலிக்கு நின்றவன் யார் என்பதும் எனக்குத் தெரியும். செய்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் இடையே மதில் இருக்கவில்லை என்பதை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

அடுத்து வந்தது மண்ணெண்ணெய்க் காலம். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், இவ்வளவு பெரிய அறிவு இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எங்களுக்குப் பெருமையன்று.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. யாழ் குடாநாட்டிலும் பின்னர் வன்னியிலும் அத்தடை 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம்வரை பற்பல வடிவங்களில் நீடித்தது. கிடைத்த சிறிதளவு பெற்றோல் போத்தலிலும் துளியிலும் விற்கப்பட்டது; கொழும்பு விலையோடு ஒப்பிட்டால் பன்மடங்கு. அப்பொழுது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களும் ஹொண்டா மோட்டார்ச் சயிக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எம் தலைமுறைக்குச் சிறுபிராயத்தின் மணம் என்றாலே அந்த வெண்புகைதான்.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது ஊற்றிவிட்டு முடுக்குகிற காரியமன்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். சிறு போத்தலொன்றில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து காபுரேற்றருக்கு ஒரு மெல்லிய குழாய், இரண்டு எண்ணெய்க்கும் இடையே ஒரு திறப்பு: இவ்வளவே சாதனம். மாற்றும் கணத்தைச் சாரதி காதால் அறிந்தான். அடுத்த இடர், மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது என்பது. தீப்பொறி விழுமுன்னரே தானாக வெடித்து எஞ்சின் தட்டும். அதற்குச் சிலிண்டர் தலையின் கீழே கஸ்கற்றை இரட்டித்து அமுக்கத்தைக் குறைத்தனர். தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளினர். பழைய கார்களின் அமுக்க விகிதம் இயல்பிலேயே தாழ்ந்தது. நவீன எஞ்சின்களில் அது பத்தை அண்டியும் அதற்கு மேலும் நிற்கிறது. எனவேதான் புதிய கார்கள் படுத்துவிட, கிழட்டு ஒஸ்ரின்கள் எழுந்து நடந்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. பிளக்கில் கரி படிந்தது. எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. வியப்பொன்றும் நிகழவில்லை, தேய்மானத்தை விலையாகக் கொடுத்து ஓட்டத்தை வாங்கினார்கள். அந்த ஓட்டத்திலே நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார். நெல் ஆலைக்குப் போனது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு கடற்கரையிலிருந்து. எங்கள் கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவன, இன்றும் அப்படியே. கிளாலிக் கடலில் சனங்களைக் கடத்திய படகுகளையும் அத்தகைய இயந்திரங்களே இழுத்தன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரித்தானியாவிலேயே 1930களிலிருந்து 1950கள்வரை, மண்ணெண்ணெயை ஒத்த மலிந்த எண்ணெயில் ஓடும் உழவு இயந்திரங்களைப் போட்சன், பெர்குசன் கம்பனிகள் விற்றன. பெற்றோலில் கிளப்பிச் சூடேறியதும் மலிந்த எண்ணெய்க்கு மாற்றும் முறையையே பெரிய தொழிற்சாலைகள் கைக்கொண்டன. அவர்களுக்கு அது பேடண்டும் கைநூலும் உடைய பொறியியல். எங்கள் மெக்கானிக்கு அதே வழியைத் தகர அடைப்பின் கீழே ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் மறுபடியும் கண்டுபிடித்தபோது, அதற்கு இட்ட பெயர் 'சமாளிப்பு'. இப்பெயரை மாற்றாதவரை எங்களுக்கு விமோசனமில்லை.

மண்ணெண்ணெய்க் காலத்தில் வண்டியை மாற்றியவன் ஏன் மாற்றினான் என்று எவரும் கேட்கவில்லை. அவனைத் திமிர்பிடித்தவன் என்று சொன்னவருமில்லை. இன்றைய இளைஞன் அவன் மகன். அதே கை, அதே திருகுசாவி. இடையிலே என்ன நடந்தது?

இடையிலே 2009 நடந்தது. அதன் பின்னர் வீதி வந்தது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. கேரதீவுத் துறையில் பாதைக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. பூநகரியூடாக மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்குமான ஏ 32 நெடுஞ்சாலை கறுத்து நீண்டது. கூடவே லீசிங் கம்பனிகளும் வந்தன. வயலுக்கு நீர்ப்பாசனம் வருமுன், மொட்டைக்கறுப்பன் விளைந்த நிலத்தில் உவர் ஏறுவதைத் தடுக்க வழி வருமுன், வேலை வருமுன், தவணைக்கு மோட்டார்ச் சயிக்கிள் வந்தது. இந்நாட்டில் பதிவான வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சயிக்கிள்கள். பஸ் அரிதாயோடும் பிரதேசத்தில் அது ஆடம்பரமன்று, கால்.

அந்த வாகனத்தின் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். இளைஞனின் பெயர் பதிவு செய்தவர் என்ற இடத்தில். இரண்டு தவணை தப்பினால் வாசலில் வந்து நின்று வண்டியை இழுத்துப் போகும் ஆட்களை எங்கள் கிராமங்கள் நன்கறியும். உத்தரவாதப் பத்திரமோ, எஞ்சினைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாதென்கிறது. ஓட்டுவதற்கு மட்டும் அனுமதி, அறிவதற்கு அனுமதியில்லை. மாதந்தோறும் பணங்கட்டுபவன், தான் ஏறியிருக்கும் பொருளினுள்ளே கைவைக்கக் கூடாது. தாள்களின்படி அவன் ஒரு வாடகைக்காரன்.

அவன் சைலன்சரை மாற்றுவது இங்கேதான் விளங்கத் தொடங்குகிறது. தன் பெயரில்லாத பொருளின்மேல் தன் கையடையாளத்தைப் பதிக்கிறான். எண்ணெய்த் தாங்கியில் தாயின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் எழுதுவிப்பதும் அதன் பொருட்டே. ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில், ஒரே நிறத்தில் வார்க்கப்பட்டு, ஒரே காட்சியறையில் ஒரே தவணைத் திட்டத்தில் நூறு பேருக்கு விற்கப்பட்டதில் இது என்னுடையது என்று சொல்ல வேறென்ன வழி அவனுக்கு விடப்பட்டது? கொழும்பிலே சிவிக் வைத்திருப்போனுக்கும் இதே வேட்கைதான். அவன் வங்கிக்குக் கடன்பட்டவன். இவன் லீசிங்குக்குக் கடன்பட்டவன்.

இதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். கழற்றிய பழைய சைலன்சரை அவன் எறிவதில்லை. எண்ணெய் பூசி, சாக்கிலே சுற்றி, கட்டிலின் கீழே வைத்திருக்கிறான். கண்ணாடிகளும் அப்படியே. விற்கும் நாளில் எல்லாம் கம்பனி பொருத்தியபடி இருந்தாற்றான் விலை. வண்டி பறிபோனாலும் கணக்குக் கேட்பார்கள். தன் புரட்சிக்கு முடிவு நாள் குறித்துவைத்துக்கொண்டே புரட்சி செய்கிறான்! இவனையா சிந்திக்காதவன் என்கிறோம்?

இதற்கு மேலும் ஒரு கொடுமை. கம்பனி பூட்டிய வாசலைக் கடைக்காரன் திறந்துவிட்டு நுழைவுக் கட்டணம் வாங்குகிறான். கையடையாளமும் விலைக்கு வந்துவிட்டது. சைலன்சர், நிறக்குமிழ், ஒட்டுத்தாள், தோற்றத்துக்கான பொய்க் காற்றுத்துவாரம் எல்லாம் பெட்டியிலே அடைத்து வருகின்றன. இவற்றைப் பொருத்த மண்ணெண்ணெய்க் கால மெக்கானிக்கின் அறிவு வேண்டியதில்லை. நான்கு திருகாணி போதும். அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டேர்ஸ், அல்பிரட் சுலோனின் தலைமையில் 1920களில் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தைத் தொடங்கி, பழுதாகாத காரையும் பழையதாக்கியது. அந்த வியாபாரத் தந்திரத்தின் எச்சிலே இன்று வாடியடிச் சந்தியில் ஒட்டுத்தாளாகத் தொங்குகிறது. செய்ய விரும்பியவனைக் கொண்டு மறுபடியும் வாங்குவித்து அனுப்புகிறார்கள். என் கோபமெல்லாம் இதன்மேல்தான், இளைஞன்மேல் அல்ல.

இரைச்சலைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. பரீட்சை நடக்கும் மண்டபத்தின் ஓரமாகச் சைலன்சரற்ற வண்டி ஒன்று போனால் நாற்பது பிள்ளைகளின் பேனாக்கள் நிற்கின்றன. ஷெல்லடியில் பிழைத்து வந்த முதியவர்கள் அச்சத்தத்துக்கு இன்றும் உடல் நடுங்குவதை இவ்விளைஞர் அறிவர். அவர்கள் வீட்டிலேயே அத்தகையோர் உண்டு. கண்ணாடியைக் கழற்றியவன் பின்னால் வரும் லொறியைக் காணமாட்டான். இருட்டில் மாடுகள் படுத்திருக்கும் நெடுஞ்சாலையில் இது தற்கொலைக்குச் சமம். பின்னாசனத்தில் தங்கை இருந்தால் கொலைக்குச் சமம். என்னுடையது என்று சொல்ல உனக்கு உரிமையுண்டு, தம்பி. அதைப் பிறர் காதுக்குள் சொல்ல உனக்கு உரிமையில்லை.

ஆயின் அரசு செய்வதென்ன? 1951இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கையிலுண்டு. 2025 சனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் பேரில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பொருத்தப்பட்ட மேலதிக உறுப்புகளைப் பொலிசார் வீதியோரத்தில் கழற்றுவித்தனர். பஸ் உரிமையாளர் சங்கங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. கண்ணைப் பறிக்கும் விளக்கைக் கழற்றுவது சரியே. ஆனால் எது உயிருக்கு ஆபத்து, எது வெறும் அலங்காரம், எது தொழிலுக்குத் தேவையான திருத்தம் என்ற வேறுபாட்டை வீதியோரப் பொலிசுக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், அது சட்டமாகாது. மீன்பெட்டி வைக்கச் சட்டகம் ஒட்டிய மோட்டார்ச் சயிக்கிளும், பெட்டிக்கடையாக மாற்றிய 'பட்டா' லொறியும், உழவு முடிந்ததும் தண்ணீர் இறைக்கும் லான்ட்மாஸ்டரும் திருத்தங்களே. அவற்றால் குடும்பங்கள் உண்கின்றன.

அதே 1951இல் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள், 1932இல் வெளிவந்த வீ 8 எஞ்சினுடைய பழைய போட் கார்களை மலிவாக வாங்கி, வெட்டி, இலேசாக்கி, தெருக்களில் ஓட்டினர். பத்திரிகைகள் அவர்களையும் காலிகள் என்றன. அவ்வாண்டு தொடங்கப்பெற்ற தேசிய ஹொட் றொட் சங்கம் அவர்களைத் தெருவிலிருந்து ஒழுங்குள்ள ஓடுதளத்துக்கு அழைத்துச் சென்றது, வண்டிகளைப் பரிசோதித்தது. போரிலே இயந்திரம் பழகிய கைகளுக்கு ஒரு திடல் கொடுத்தார்கள். நாங்களும் போரிலிருந்து வந்தவர்களே.

உடனே பூநகரியில் பந்தயத்தளம் கட்டுங்கள் என்று நான் கேட்பதாக எவரும் கொள்ளவேண்டாம். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருள் புகுந்து ஏழு உயிர்களைக் கொன்றதை மறக்கவில்லை. எங்களுக்குத் திடலைவிடப் பட்டறையே முதலில் வேண்டும்.

உயர்தரத்தில் தொழினுட்பத்துறை 2013இல் ஆரம்பமானது. நல்ல காரியம். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் அதற்கு ஆய்வுகூடங்கள் எழுந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பலரோ எஞ்சினைப் புத்தகப் படத்திலே கண்டு, குறிப்பெழுதி, பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிறார்கள். மாலையில் கராச்சிலே அதே எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். காலையில் படிப்பதற்கும் மாலையில் செய்வதற்கும் தொடர்புண்டு என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. தமிழ் படித்த நான் இதை எழுதவேண்டியிருப்பதே வெட்கக்கேடு. எழுத்தறிவையே அறிவென்று போற்றி, கிறீஸ் படிந்த கையைத் தாழ்வாக நோக்கும் பழைய வெள்ளைவேட்டி மனோபாவம் எங்கள் கல்வியில் இன்னும் உயிரோடிருக்கிறது. பெடியன் கெட்டுவிட்டான் என்று கூறும் அதே வாய், அவன் மெக்கானிக்காக விரும்புகிறேன் என்றால் தலையிலடித்துக்கொள்கிறது.

வேலைசெய்தே கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி தேசிய தொழிற்றகைமைத் திட்டத்தில் உண்டு. மண்ணெண்ணெய்க் கால மெக்கானிக்குகளை அவ்வழியே தகைமைப்படுத்தி, வாரத்தில் இருநாளாவது பாடசாலைக்கு அழைக்கலாம். பழுதான எஞ்சின் ஒன்று, திருகுசாவித் தொகுதி ஒன்று, ஒரு கொட்டில்: செலவு இவ்வளவே. கம்பனிகள் தம் பழுதுபார்த்தல் விபரங்களை வெளிக் கராச்சுகளுக்கும் திறந்துவிடவேண்டும் என்று 2012இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநில மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கினர். அத்தகைய சட்டத்தைக் கேட்க எங்கள் மக்கள் பிரதிநிதிகளுள் எவருக்கும் தோன்றவில்லை. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற பின்னர், ஓட்டோக்களை மின்கலத்துக்கு மாற்றும் முன்னோடி முயற்சிகள் இந்நாட்டில் தொடங்கின. அடுத்த மாற்றம் மின்மாற்றம். அதனைச் செய்யும் கைகளை இன்றே பழக்காவிட்டால், அந்த மின்கலப் பெட்டியும் 'திறக்கக் கூடாது' என்ற முத்திரையோடுதான் வந்திறங்கும். பெடியன் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருப்பான்.

இரட்டைக் கஸ்கற் வெட்டிய முதியவர்கள் சிலர் எங்கள் பகுதியில் இன்னும் வேலை செய்கின்றனர். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. தகட்டின் தடிப்பை விரல்நுனியால் தடவிச் சொல்கிறார். அவர் சொல்வதை அருகிலிருந்து எழுதிக்கொள்ள, இந்த விடுமுறையிலாவது இரண்டு மாணவரை அனுப்பும்படி ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறேன். சத்தமிடும் வண்டிக்காரர் இருவரையே அனுப்புங்கள்.